பாட்டுக்குன்னே வாங்கின கம்ப்யூட்டர், எட்டு மாசம் கழிச்சு

மொதல்லயே சொல்லிடுறேன், இது கேமிங் பிசி ரிவ்யூ இல்ல, கண்ணாடி கேபினெட்டுக்குள்ள கலர் கலரா லைட்டு எரியிற போட்டோ பாக்கலாம்னு வந்தவங்க இப்படியே திரும்பிக்கலாம். காரைக்குடி செக்காலை ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு சந்துல சின்ன கம்ப்யூட்டர் கடை, அங்க பாட்டு ரெக்கார்டிங்குக்கு மட்டும்தான்னு சொல்லி ஒரு மெஷின் அசெம்பிள் பண்ணி வாங்கினேன். போன வைகாசில வாங்கினது, இப்ப தை முடியப்போகுது, தைப்பூச சீசன் வேலை பூரா இதுலதான் ஓடுச்சு, அதனால இனிமே தைரியமா எழுதலாம். கடை பேரு போடல, ஏன்னா கொறையும் கொஞ்சம் சொல்லப்போறேன், அந்த தம்பி பொழப்புல மண்ணப் போட எனக்கு இஷ்டம் இல்ல.

நமக்கு காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். கீபோர்டு வாசிப்பேன், கல்யாணம், சாந்தி (அறுபதாம் எண்பதாம் கல்யாணம்), கோயில் விசேஷம்னு கூப்பிட்ட எடத்துக்குப் போவேன், மிச்ச நாள்ல வீட்டுலயே ரெக்கார்டிங். பழனிக்கு பாதயாத்திரை போற குழுக்காரங்க வருசா வருசம் காவடிப்பாட்டு புதுசா ஒன்னு ரெண்டு கேப்பாங்க, அது மார்கழி கடைசில வந்து தை மொத வாரத்துல முடிச்சு குடுக்கணும், கழுத்துல கத்தி வச்ச மாதிரி வேலை. கூடவே இப்ப ஒரு புது பழக்கம், சாந்தி கல்யாணத்துக்கு வீடியோ போடுறவங்க, அந்த வீட்டு ஆச்சி பாடுற தாலாட்டயோ கும்மியயோ ரெக்கார்டு பண்ணி பின்னாடி ஓட்டணும்னு கேக்குறாங்க. நல்ல விசயம்தான். ஆனா எண்பது வயசு ஆளுங்க ஒரு தடவதான் மனசு வச்சுப் பாடுவாக. ரெண்டாவது தடவ அதே வார்த்தை வரும், அதே பாட்டு வராது.

அப்படித்தான் எனக்கு புத்தி வந்துச்சு. எங்க தெருவுக்கு அடுத்த தெரு ஆயா ஒருத்தவக, 82 வயசு, கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி தொழிலுக்குப் போன ஐயாவப் பத்தின தாலாட்டு ஒன்னு பாடினாக, எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு. முடிச்சுட்டு ஹெட்போன மாட்டி கேக்க குடுத்தேன். பாதி கேட்டுட்டு கழட்டி வச்சுட்டு, "என்னப்பா இது, நடுவுல கடுகு பொரியுது"ண்டாக. கேட்டுப் பாத்தா ஆமா, டப் டப்புனு அங்கங்க வெடிக்குது. ரெக்கார்டு ஆகும்போதே விழுந்த வெடிப்பு அது, எடிட் பண்ணி எவ்ளோதான் தேய்ச்சு எடுக்கிறது. அது பழைய லேப்டாப்பு, அதுலதான் அக்கா மகன் காலேஜ் ஃபீஸ் கட்டுறான், வீட்டுக்காரவுக மொய் கணக்கு போட்டு வச்சிருக்காக, நாலு பிரவுசர், மூணு மெசேஜ் ஆப்பு, தெரியாத டூல்பார் ரெண்டு, அதுலயே நானும் பாட்டு எடுக்கிறேன். ஒரு தடவ முருகன் பாட்டுல பல்லவி முடியிற எடத்துல மெசேஜ் வந்த "டிங்" சத்தமும் சேந்து சுருதில விழுந்துச்சு, குழுக்காரர் அத சலங்கைன்னு நெனச்சு நல்லாருக்குன்னாரு, அது வேற கதை.

சரி, கடைக்கு வருவோம். மொதல்ல வேற ஒரு பெரிய கடைக்குத்தான் போனேன். ம்யூசிக்னு சொன்ன ஒடனே கிராபிக்ஸ் கார்டு விலைய சொல்ல ஆரம்பிச்சாங்க. பாட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு எதுக்குய்யான்னு கேட்டா "பர்ஃபார்மன்ஸ் சார்"ங்கிறாங்க. கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன். இந்த சந்துக் கடை தம்பி ஒக்கார வச்சு மூணு கேள்வி கேட்டான்: அண்ணே என்ன சாஃப்ட்வேர் ஓட்டுறீங்க, ஒரு பாட்டுக்கு எத்தன ட்ராக்கு வரும், மைக்கு இருக்கிற ரூம்லயே கம்ப்யூட்டரும் இருக்கணுமா. மூணாவது கேள்விலயே எனக்கு தம்பிய புடிச்சுப்போச்சு. அன்னிக்கு சாயந்தரமே பைக்க எடுத்துக்கிட்டு பள்ளத்தூர் வந்துட்டான் ரூமப் பாக்க.

ரூமப் பத்தி சொல்லியாகணும். வீடு நம்ம வீடு இல்ல, வீட்டுக்காரவுக மெட்ராஸ்ல, நாங்க பாத்துக்கிறோம், அதுக்குப் பதிலா ரெண்டாங்கட்டுல ஒரு ரூம் என் வேலைக்கு. செட்டிநாட்டு வீடு தெரியாதவங்களுக்கு, சுண்ணாம்ப அரைச்சு முட்டை வெள்ளைக்கரு சேத்து தேய்ச்ச செவுரு, கைய வச்சா கண்ணாடி மாதிரி வழுக்கும், கீழ ஆத்தங்குடி கல்லு, மேல உத்தரம் எட்டாத ஒசரம். பாக்க அழகு, மைக்குக்கு எமன். ஒரு தடவ கையத் தட்டினா சத்தம் ரூமெல்லாம் ஒரு சுத்து சுத்திட்டுத்தான் அடங்கும். நான் முன்னாடியே கோரைப்பாய நாலஞ்சு செவுத்துல சாத்தி, இலவம்பஞ்சு மெத்தைய மூலைல நிறுத்தி, பழைய கண்டாங்கி சேலைய மடிச்சு மடிச்சு கம்புல தொங்க விட்டு ஒரு மாதிரி அடக்கி வச்சிருந்தேன். பாய் மட்டும் போட்டா மேல் சத்தம்தான் கொறையும், அடிச் சத்தத்துக்கு மெத்தை மாதிரி தடிமனா ஏதாவது வேணும், இது பட்டு தெரிஞ்சுக்கிட்டது. தம்பி வந்து ஃபேன ஆஃப் பண்ணச் சொல்லிட்டு, ஒரு நிமிசம் பேசாம ஒக்காந்தான். "அண்ணே இந்த ரூம் ரொம்ப அமைதி, இங்க எந்தப் பொட்டிய வச்சாலும் கேக்கும், பக்கத்து ரூம்ல வைப்போம்"னான். ஏவிஎம் ஸ்டுடியோவே 1940கள்ல நம்ம காரைக்குடில தேவகோட்டை ரஸ்தால கொஞ்ச காலம் ஓடினதுதான், அப்பறந்தான் கோடம்பாக்கம் போனது, அவ்ளோ பெரிய ஆட்டமே இங்கருந்து கெளம்பியிருக்கு, எனக்கு ஒரு ரூம் சரி பண்ண முடியாதான்னு சொல்லி சிரிச்சுக்கிட்டோம்.

வாங்கினது என்னன்னு சுருக்கமா சொல்றேன். இன்டெல் ஐ5 12400 ப்ராசஸரு, 6 கோரு (உள்ள வேலை பாக்கிற ஆறு ஆளு மாதிரி), உள்ளயே கிராபிக்ஸ் இருக்கிற மாடல், அதனால தனி கார்டு இல்ல. பி760 போர்டு, டிடிஆர்4 ராம் 16 ரெண்டு சேத்து 32 ஜிபி. சிஸ்டத்துக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்னு, வாத்திய சாம்பிளுக்கு (நெச வாத்தியத்த சுரம் சுரமா ரெக்கார்டு பண்ணி வச்ச ஃபைலு) 1 டிபி தனியா, ரெண்டும் என்விஎம்இங்கிற வேகமான ரகம். மெஷினுக்கு கரண்ட்டு குடுக்கிற எஸ்எம்பிஎஸ் 550 வாட்ஸ், கொஞ்சம் நல்லதா. பெரிய டவர் கூலரு. எல்லாம் சேத்து கூலியோட 56,400 ரூபா. மானிட்டர், கீபோர்டு, மைக்க கம்ப்யூட்டரோட சேக்குற ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸ் எல்லாம் ஏற்கனவே இருந்தது.

ஏன் 12 கோரு, 16 கோருன்னு போகலன்னு கேப்பீங்க. ஒரு ட்ராக்குல நீங்க வரிசையா போடுற பிளகின், அதாவது சத்தத்த திருத்துற குட்டி சாஃப்ட்வேரு, ஈக்யூ, கம்ப்ரஸரு, ரிவர்ப்னு, அது ஒன்னு முடிஞ்சாத்தான் அடுத்ததுக்கு போகும், அதனால அந்த வரிசை பூரா ஒரு கோருலதான் ஓடும். ஒரே அண்டால கொதிக்கிற சாம்பார பத்து பேரு சுத்தி நின்னு கிண்டினா சீக்கிரம் கொதிச்சிருமா? ஒவ்வொரு கோரும் நல்ல வேகமா இருக்கணும், எண்ணிக்கை அப்பறம். எனக்கு ஒரு பாட்டுக்கு மிஞ்சிப்போனா 40 ட்ராக்கு, 6 கோரு தாராளம். பெரிய ஆர்கெஸ்ட்ரா சாம்பிள வச்சு சினிமாக்கு பிஜிஎம் போடுறவங்களுக்கு இது பத்தாது, அவங்க இத படிக்கவும் மாட்டாங்க.

எஸ்எஸ்டி விசயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கான்டாக்ட் மாதிரி சாம்ப்ளரு, அதாவது அந்த வாத்திய சாம்பிள வாசிச்சுக் குடுக்கிற சாஃப்ட்வேரு, ஒரு வாத்தியத்த லோடு பண்ணும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் ஆரம்பத்துண்ட மட்டும்தான் ராம்ல வச்சுக்கும், நீங்க கட்டைய அமுக்கின ஒடனே மிச்சத்த டிஸ்க்குல இருந்து ஓடியாந்து எடுத்துக் குடுக்கும். பழைய ஹார்டு டிஸ்க்குல ஊசி அங்கிட்டும் இங்கிட்டும் நகரணும், பத்து விரலயும் வச்சு பத்து சுரத்த ஒன்னா அமுக்கினா பத்து எடத்துக்கு ஓடணும், ஊறுகாய் ஜாடி ஒன்னு மச்சுல ஒன்னு கொல்லைல இருந்தா பந்தி பரிமாற முடியுமா, அந்தக் கதைதான். எஸ்எஸ்டில அந்த ஓட்டம் கெடையாது. என் பழைய லேப்டாப்புல பியானோ லோடு ஆகுறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வருவேன், இப்ப டீக்கு நேரமே இல்ல.

இப்ப கடுகுக்கு வருவோம், இதுதான் மெயின் மேட்டரு. இது தெரியாமத்தான் நெறைய பேரு லட்ச ரூவாய்க்கு மெஷின் வாங்கியும் டப் டப்னு கேட்டுக்கிட்டு திரியிறாங்க.

கம்ப்யூட்டரு சத்தத்த தொடர்ச்சியா அனுப்புறதில்ல, கொஞ்சம் கொஞ்சமா மொண்டு குடுக்குது. நம்ம ஊருணில தண்ணி எடுக்க வரிசையா நின்னு கொடத்த கைமாத்தி விடுவாங்கல்ல, அப்படி. நான் வைக்கிற 48 கிலோஹெர்ட்ஸ்ல செகண்டுக்கு 48,000 சாம்பிள், இது சத்தத்தோட துணுக்கு, மேல சொன்ன வாத்திய சாம்பிள் வேற. பஃபர் 128ன்னு வச்சா ஒரு கொடத்துல 128 சாம்பிள், அதாவது 2.7 மில்லிசெகண்டு. அந்த நேரத்துக்குள்ள அடுத்த கொடம் கைக்கு வந்தாகணும், வரலன்னா அந்த எடத்துல சத்தம் அறுந்து டப்புங்கும். சராசரியா மெஷின் எவ்ளோ வேகம்ங்கிறது இங்க கணக்கே இல்ல, வரிசைல ஒரே ஒரு ஆளு ஒரு தடவ ஊர்க்கதை பேச நின்னா போச்சு. அப்படி கதை பேசுறது யாருன்னு பாத்தா பெரும்பாலும் ஏதாவது ஒரு டிரைவரு, அதாவது கம்ப்யூட்டரோட ஒவ்வொரு பாகத்தையும் ஓட்டுற சாஃப்ட்வேரு. வைஃபை டிரைவரு, கிராபிக்ஸ் டிரைவரு, லேப்டாப்புன்னா பேட்டரி எவ்ளோ இருக்குன்னு அடிக்கடி எட்டிப்பாக்கிற ஒரு வேலை, இதுங்கள்லாம் ப்ராசஸர கண் இமைக்கிறதுக்கும் கொறைவான நேரம் புடிச்சு வச்சுக்கும், சிபியு மீட்டர்ல 15 சதவீதம்தான் காட்டும், ஆனா காதுல கடுகு வெடிக்கும்.

இத கண்டுபுடிக்க லேட்டன்ஸிமான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, வீட்டு யூஸுக்கு ஃப்ரீ. ஓட விட்டுட்டு பத்து நிமிசம் பாட்டு வாசிச்சா எந்த டிரைவரு எவ்ளோ நேரம் புடிச்சு வச்சுச்சுன்னு பேரோட மாட்டி விட்டுரும். தம்பிக்கு இது தெரியல, நான்தான் சொன்னேன், அவனும் ஆர்வமா ஒக்காந்து கத்துக்கிட்டான். பழைய லேப்டாப்புல 4,000 மைக்ரோசெகண்டுக்கு மேல தாவுனது, வைஃபைதான் மொத குத்தவாளி. புது மெஷின்ல வைஃபை கார்டே போட வேணாம்னுட்டேன். நெட்டு வேணும்னா போன யுஎஸ்பில சொருகி லைசென்ஸ் வேலைய முடிச்சிட்டு கழட்டிருவேன். மாசத்துல ரெண்டு நாள் நெட்டு இருந்தா ஜாஸ்தி.

அது போக செஞ்சது: பவர் பிளான ஹை பர்ஃபார்மன்ஸ்ல வச்சாச்சு, ஸ்லீப்பே கெடையாது. யுஎஸ்பி போர்ட்ட தூங்க வைக்கிற ஒரு செட்டிங் உண்டு, செலக்டிவ் சஸ்பெண்ட், அத அணைக்கணும், இல்லாட்டி இன்டர்ஃபேஸ் திடீர்னு காணாமப் போகும். போர்டுல இருக்கிற ஆடியோவ பயாஸ்லயே ஆஃப். விண்டோஸ் சிஸ்டம் சவுண்டு எல்லாம் ஊமை, இனிமே எந்த டிங்கும் சலங்கையா வராது. ஆன்டிவைரஸ் விண்டோஸ்லயே வர்றது மட்டும், அதுலயும் சாம்பிள் ஃபோல்டர ஸ்கேன் பண்ணாதன்னு சொல்லி வச்சிருக்கேன். யூட்யூபுல ஒருத்தர் சி-ஸ்டேட், அதாவது ப்ராசஸர் சும்மா இருக்கும்போது தூங்குற செட்டிங், எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்கன்னாரு, பண்ணேன், மெஷின் சும்மா கெடக்கும்போதே சூடு ஏறி ஃபேன் கத்த ஆரம்பிச்சது, பழையபடி ஆன் பண்ணிட்டேன், ஒரு வித்தியாசமும் இல்ல. எல்லா டிப்ஸையும் கண்ண மூடிக்கிட்டு பண்ணாதீங்க, ஒன்னு மாத்தினா ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டு அடுத்தது.

எல்லாம் முடிச்சு லேட்டன்ஸிமான் ஓட விட்டா அரை மணி நேரத்துல 200 மைக்ரோசெகண்ட தாண்டல. பச்சைலயே நின்னுச்சு. ரெக்கார்டிங்குக்கு பஃபர் 128, மிக்ஸிங்கும்போது 1024. பஃபர் கொறைஞ்சா கட்டைய அமுக்கினதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல லேட்டு கொறையும், அதுக்காக சில பேரு 32, 16ன்னு கொறைச்சு வச்சு பெருமையா ஸ்கிரீன்ஷாட் போடுவாங்க. சத்தம் காத்துல செகண்டுக்கு சுமாரா 343 மீட்டர் போகும், 10 மில்லிசெகண்டுல 11 அடி. சாமி பொறப்பாட்டுல நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் நடுவுல 11 அடி தாராளமா இருக்கும், அவங்க தாளம் தப்புறாங்களா? கீபோர்டு வாசிக்க அவ்ளோ போதும். பாடுறவங்க ஹெட்போன்ல தன் கொரல கேக்கும்போது மட்டும்தான் லேட்டு உறுத்தும், அதுக்கு இன்டர்ஃபேஸுல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கிட்டா கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே நேரா காதுக்கு வந்துரும்.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ரீப்பர்தான். நம்ம வயசுக்காரங்க வின்ஆம்ப்புல பாட்டு கேட்டு வளந்தவங்கதானே, அந்த வின்ஆம்ப்ப எழுதுன ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதுக்கும் மூலகர்த்தா. 60 நாள் முழுசா ஃப்ரீயா ஓட்டிப் பாக்கலாம், அப்பறம் நம்மள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு 60 டாலர். கடைல தம்பி "அண்ணே ஓஎஸ், கான்டாக்ட், எல்லா பிளகினும் நானே போட்டுத் தரேன், ஆயிர ரூபா குடுங்க"ன்னான், வேணாம்னுட்டேன். தர்ம நியாயம் ஒரு பக்கம், கிராக் பண்ண பிளகினோட என்னென்ன ஒட்டிக்கிட்டு வந்து பின்னாடி ஓடும்னு எவனுக்குத் தெரியும், அவ்ளோ பாடுபட்டு வரிசைய சுத்தம் பண்ணிட்டு அதுல நாமளே திருடன நிறுத்துறதா. தம்பிக்கு மொகம் கொஞ்சம் சுருங்குச்சு. ரிவ்யூல இது கொறைதான், எழுதிட்டேன்.

மத்த கொறையும் எழுதிடுறேன். வெள்ளிக்கிழமை தரேன்னவன் அடுத்த வாரம் புதன்கிழமைதான் குடுத்தான். மொதல்ல கண்ணாடி கேபினெட்டும் லைட்டு எரியிற ஃபேனு மூணும் போட்டு வச்சிருந்தான், "லேட்டஸ்டு அண்ணே"ன்னு. அந்த ஃபேன் கொசு மாதிரி ஒரே சுதில ஊளை விடுது. திருப்பி மாத்த வச்சேன். ராமும் 32 ஒரே குச்சியா வந்தது, ரெண்டு 16ஆ போட்டாத்தான் ரெண்டு சேனலும் ஓடும்னு சொல்லி மாத்தினேன். வாரண்டி கார்டுக்கு மூணு தடவ போன் அடிச்சேன். ஆனா ஒன்னு, எதுக்கும் மொகம் கோணல, எதுக்கும் எக்ஸ்ட்ரா காசு கேக்கல, ரெண்டு தடவ பள்ளத்தூருக்கே வந்தான், வந்தா வெறும் மோர் தண்ணிதான் குடிப்பான். 5க்கு 4 குடுக்கலாம், கார்டு சரியா வந்திருந்தா நாலரை.

பொட்டி பக்கத்து ரூம்ல, பழைய நெல்லுப்பானை இருக்கிற எடத்துல ஒக்காந்திருக்கு. செவுத்துல ஓட்டை போடலாமான்னு தம்பி கேட்டான், அந்த சுண்ணாம்புச் செவுத்துல டிரில்ல வச்சா பொரிஞ்சு கொட்டிரும், வீட்டுக்காரவுகளுக்கு யாரு பதில் சொல்றது. மேல வென்டிலேட்டர் வழியா கேபிள விட்டோம். இங்க ஒரு சிக்கல், யுஎஸ்பி 2 கேபிள் 5 மீட்டருக்கு மேல போகக்கூடாது, ஏறி எறங்குனா அவ்ளோ தூரம் பத்தல. கடைசில இன்டர்ஃபேஸ ஒரு முக்காலில செவுத்தோரமா ஏத்தி வச்சு சரியா 5 மீட்டர்ல முடிச்சோம், மைக் கேபிள் அத விட நல்ல நீளமா போகும், அத நீட்டிக்கிட்டேன். மானிட்டருக்கு எச்டிஎம்ஐ 10 மீட்டர்.

அடுத்து ஹம்மு. மெஷின் வந்த அன்னிக்கே ஸ்பீக்கர்ல ஊஊஊன்னு ஒரு கொரல். கேபினெட்ட தொட்டா வெரல்ல சுர்ருங்குது. வீட்டுல வயரிங் எந்தக் காலத்துதோ, பிளக்குல மூணாவது ஓட்டை இருக்கு, உள்ள வயரு இல்ல, சும்மா அலங்காரத்துக்கு. எர்த்து இல்லன்னா எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் வழியா கசியிற கரண்ட்டு போக எடமில்லாம பாடிலயே நிக்கும், அதான் சுர்ரு, அதான் ஹம்மு. நான் அது வரைக்கும் இன்டர்ஃபேஸ்தான் மோசம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தம்பிதான் எலக்ட்ரீசியன் ஒருத்தர கூட்டியாந்தான். கொல்லைல கெணத்தடி ஈரம் இருக்கிற பக்கமா குழி தோண்டி, ஜிஐ பைப்ப எறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு மூடி, தனி வயரு இழுத்து ரூமுக்குக் கொண்டாந்தாரு. மீட்டர வச்சுப் பாத்தா நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட்டுக்குள்ள. ஹம்மு அப்பவே முக்காவாசி போச்சு, ஸ்பீக்கருக்கு வெளிச் சத்தம் ஒட்டாத பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள் மாத்தினதும் மிச்சமும் போச்சு. செலவு 4,800. இந்த மொத்த செட்டப்புல நான் போட்ட காசுலயே ஒசத்தியான காசு அதுதான், ப்ராசஸர்ல ரெண்டாயிரம் கொறைச்சாவது எர்த்த போடுங்க, ஆளுக்கும் நல்லது. கோடைல அந்தக் குழிக்கு வாரம் ஒரு கொடம் தண்ணி ஊத்தணும், செம்மண்ணு காஞ்சா பிடிப்பு போயிரும், எங்க வீட்டுல துளசிக்கு ஊத்தும்போதே அதுக்கும் ஊத்திருவாக.

கரண்ட்டு போனா தாங்க 1 கேவிஏ யுபிஎஸ் தனியா இருக்கு. வீட்டு இன்வெர்ட்டர்ல குடுத்துப் பாத்தேன், அது ஸ்கொயர் வேவு, ஸ்பீக்கர்ல வண்டு பறக்குது, கேபினெட்டு எஸ்எம்பிஎஸ்ஸும் முனகுது. யுபிஎஸ்ல பதினஞ்சு நிமிசம் நிக்குது, டேக்க முடிச்சு சேவ் பண்ண அது போதும். மாசாந்திர மெயின்டனன்ஸ் நாள்ல மட்டும் வேலைய வச்சுக்கிறதில்ல.

ஒரு கோமாளித்தனமும் நடந்துச்சு, மறைக்க விரும்பல. மார்கழில ஒரு காவடிப்பாட்டு, பழைய பழக்கத்துல 44.1 கிலோஹெர்ட்ஸ்ல எடுத்துட்டேன். வீடியோக்காரர் டைம்லைன் 48. அவரு எங்கயோ எதையோ மாத்தி சேத்ததுல பாட்டு வேகமா, முக்கா கட்டை ஏறிப்போய் ஓடுது. குழுத் தலைவரு போன் பண்ணி "தம்பி நல்லாத்தான் இருக்கு, ஆனா என் கொரல் சின்னப் பயல் கொரல் மாதிரி இருக்கே"ங்கிறாரு. 48ஐ 44.1ஆல வகுத்தா வர்ற கணக்கு அது, ஒன்றரை செமிடோனுக்கு பக்கம், ஒரு செமிடோன்னா அரைக்கட்டை. அன்னிலருந்து வீடியோக்கு போற எதையும் ஆரம்பத்துலயே 48ல வச்சிருவேன், ரீப்பர்ல டெம்ப்ளேட்டாவே போட்டாச்சு.

சூடு எப்படின்னு கேப்பீங்க. ரெக்கார்டிங்கும்போது ஃபேனும் கெடையாது ஏசியும் கெடையாது, சித்திரைல இந்த மெஷின் எப்படிங்கிறது எனக்கே இனிமேத்தான் தெரியும். ஆனா ஆனிலயே நல்ல வெயிலு, அப்பவும் 40 ட்ராக்கோட ப்ராசஸர் 65 டிகிரிய தாண்டல, கூலர் ஃபேன் 700 சுத்துலயே நிக்குது, பக்கத்து ரூம்ல காத வச்சுக் கேட்டாத்தான் கேக்கும். தூசிதான் தொல்லை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ஃபில்டர கழட்டி ஒதறினா செவச்செவன்னு கொட்டுது.

ஆயாவ திரும்பக் கூட்டியாந்தேன், ஆவணில. மொதல்ல வரமாட்டேன்னுட்டாக, கடுகுக்கு பயந்து இல்ல, முட்டி வலி. வண்டில வச்சு கூட்டியாந்து திண்ணைல கொஞ்ச நேரம் ஒக்கார வச்சு, பைய உள்ள வந்து, பாடி முடிச்சாக. பழைய மாதிரி இல்ல, நடுவுல ரெண்டு அடி மறந்துபோய் வேற அடி போட்டுப் பாடினாக, அதுவும் ஒரு அழகுதான். ஹெட்போன மாட்டினேன். முழுசா கேட்டாக. கடுகு இல்ல. ஆனா மூணாவது அடில வெளிய மயில் ஒன்னு அகவியிருக்கு, எனக்கு அப்ப கேக்கவே இல்ல. அத எடுத்துடுறேன் ஆயான்னேன். "அது கெடந்துட்டுப் போகுது, எங்கூட்டு மச்சுலயும் அப்ப மயிலு வரும்"ண்டாக. விட்டுட்டேன்.

கடைசியா ஒன்னு, இத படிச்சிட்டு என் பில்ல காட்டி அதே விலைக்கு கேக்காதீங்க. நான் வாங்கினதுக்கு அப்பறம் ராம் விலை தாறுமாறா ஏறிக் கெடக்கு, எஸ்எஸ்டியும் ஏறிருச்சு. போன வாரம் கொப்பனாபட்டில ஒரு நாயன வித்வான் இதே மெஷின கேட்டாருன்னு தம்பி போன் பண்ணான், இப்போதைக்கு 16 ஜிபிய போட்டு ஓட்டுங்க, இன்னொரு குச்சிக்கு சிலாட்ட காலியா விட்டு வைக்கிறேன்னு சொல்லியிருக்கானாம். எர்த் பாத்தியாடான்னு கேட்டேன். "மொத அதத்தான் பாத்தேண்ணே, பிளக்குல மூணாவது ஓட்டையே இல்ல"ங்கிறான்.